தேதி முதலில், மலை பிறகு

காயலுக்கும் கடலுக்கும் இடையே, மேடு என்று சொல்லத்தக்க ஒரு குன்றுகூட இல்லாத மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு, பஜார் ரோட்டுக் கிடங்குகளிலும், வெல்லிங்டன் தீவின் துறைமுகக் காரியாலயங்களிலும், ஃபோர்ட் கொச்சி சலவைத்துறையிலும், எர்ணாகுளத்துக் கம்பெனிகளிலும் வாரத்தில் ஆறு நாட்களைக் கழிக்கும் நம்மவர்கள், கார்த்திகை பிறந்து காலைக் காற்றில் சற்றே ஈரம் குறைந்ததும் "இந்த வருஷமாவது மலைக்குப் போய்விட வேண்டும்" என்று பேசத் தொடங்குவதும், மாசி வெயில் ஏறும்வரை அது பேச்சாகவே இருந்து அடங்கிப்போவதும் சாதாரணமாக நடப்பது. ஆசைக் குறைவு இதற்குக் காரணமன்று. பணக்குறைவும் பெரும்பாலும் காரணமன்று. எந்த மலை என்பதை முதலில் உற்சாகமாகத் தீர்மானித்துவிட்டு, அதற்குத் தோதான நாளை எல்லோரும் கூடித் தேடப் புகுவதே காரணம். ஆறு பேர் ஆறு விதமான உத்தியோகத்தில் இருக்கும்போது அப்படிப்பட்ட நாள் தானாக அகப்படாது. ஆகையால் நாளை முதலில் நிச்சயம் செய்துகொண்டு, அந்த நாள் எவ்வளவு அவகாசம் தருகிறதோ அவ்வளவுக்கு ஏற்ற மலையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதையே இந்த அத்தியாயத்தில் முக்கியமாக வற்புறுத்த விரும்புகிறேன்.

நம் பிரதேசத்தில் குளிர்காலம் என்பது எவ்வளவு குறுகியது என்பதைப் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. மலையாளிகள் துலாவர்ஷம் என்று சொல்லும் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல்தோறும் இடியோடு மலைமீது இறங்கும்; அது ஓய்ந்து பாறைகள் காய மார்கழி ஆகிவிடும். மார்கழி என்றால் சபரிமலை மண்டலகாலம். கார்த்திகை முதல் தேதியில் தொடங்கி 41 நாட்கள் நடக்கும் அந்த விரதகாலத்திலும், பிறகு ஜனவரி 14ஆம் தேதியை ஒட்டி வரும் மகரவிளக்குவரையிலும், கோட்டயம், எருமேலி, குமுளி வழிப் பேருந்துகளில் இடம் கிடைப்பதே அருமை. டிசம்பர் கடைசிப் பத்து நாட்கள் பள்ளி விடுமுறை. கேரளம் முழுவதும், தமிழ்நாட்டில் பாதியும் மூணாற்றுக்கு ஏறிவருவது போலத் தோன்றும். அதே நாட்களில் ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல். புத்தாண்டு இரவில் பாப்பாஞ்ஞி என்னும் கிழவன் பொம்மையை எரிக்கும் கூட்டத்தைத் தாண்டி ஊரைவிட்டு வெளியேறுவதே பெரும்பாடு. பொங்கல் கழிந்தபின் மிஞ்சுவது பிப்ரவரி நடுவரையுள்ள ஏறக்குறைய நான்கு வாரங்கள். அதற்குமேல் புல் காய்ந்து காட்டுத்தீயின் பருவம் ஆரம்பமாகிவிடும்.

இந்த நான்கு வாரங்கள்தாம் மலைநடைக்கு உத்தமமான காலம் என்றாலும், மட்டாஞ்சேரிக்காரருக்கு அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மிளகுக் கொடியில் காய் பழுப்பதும் இதே காலம். தை, மாசியில் மலைநாட்டிலிருந்து சரக்கு வரத்து மிகும்போது, கிடங்கில் தரம் பார்ப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஞாயிறுகூட நிச்சயமில்லை. ஆகவே மிளகோடு சம்பந்தப்பட்டவர்கள் குழுவில் இருந்தால் டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் ஒரு ஞாயிற்றையும், துறைமுகத்திலோ அலுவலகத்திலோ இருப்பவர்கள் மிகுந்திருந்தால் ஜனவரிக் கடைசியையும் கொள்வது சௌகரியம். குடியரசு தினம் வெள்ளியிலோ திங்களிலோ விழும் வருஷத்தில் அதை மற்ற எந்த நாளுக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நாளை எப்படி நிச்சயம் செய்வது? புரட்டாசியிலேயே ஒரு மாலை நான்கைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் தம்மால் இயலவே இயலாத நாட்களை முதலில் சொல்ல வேண்டும். எந்த நாள் முடியும் என்று கேட்டால் யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. எந்த நாள் முடியாது என்று கேட்டால் அனைவருக்கும் தெளிவாகத் தெரியும். கிடங்கு இருப்புக் கணக்கு எடுக்கும் நாள், கப்பல் வரும் வாரம், தங்கை மகளின் நிச்சயதார்த்தம், குழந்தையின் பரீட்சை ஆகியவற்றை நாட்காட்டியில் அடித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஞாயிறுகளே எஞ்சும். அவற்றில் ஒன்றைப் பிரதான நாளாகவும் மற்றொன்றை மழை, ஹர்த்தால் முதலிய காரணங்களுக்கு மாற்று நாளாகவும் குறித்துக்கொண்டு, அன்றே ஆளுக்குக் கொஞ்சம் முன்பணம் ஒருவர் கையில் சேர்த்துவிட வேண்டும். அதன்பிறகு அந்தத் தேதியைக் கல்யாண முகூர்த்தம்போல் பாவிக்க வேண்டும். வர இயலாதவர் வருத்தத்தோடு விலகிக்கொள்ளலாமே தவிர, அவருக்காகத் தேதி நகரக் கூடாது. "அண்ணே, அந்த ஞாயிறு ஒரு லோடு வருது, அடுத்த வாரம் வச்சுக்கலாமா?" என்று முதல் ஆள் கேட்கும்போதே சம்மதித்துவிட்டால் இரண்டாவது ஆளுக்கும் சம்மதிக்க நேரும், அப்படியே மாசி வந்துவிடும். இது கடுமையான விதியாகத் தோன்றலாம். ஆனால் நண்பர்களுக்குள் மனக்கசப்பு வராமல் காப்பது இந்த விதிதான் என்று உறுதியாகச் சொல்வேன். மூவர் வந்தாலும் போவது என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தால், வராதவர்மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை.

இனி, கிடைத்த நாளின் அளவுக்கு மலை.

அரை நாளே கிடைத்தால் மலையாற்றூர்க் குரிசுமுடி போதும். பெரியாற்றின் கரையில், காலடிக்கு அப்பால், தோமையார் பெயரோடு சேர்ந்த அந்தக் குன்று தவக்காலத்தில் யாத்திரிகர்களால் நிரம்பி வழியும்; குளிர்காலத்து ஞாயிறு விடியலில் அமைதியாக இருக்கும். இருட்டோடு புறப்பட்டால் வெயில் ஏறுமுன் இறங்கி மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். பெரிய நடைக்கு முன் கால்களைச் சோதித்துக்கொள்ளவும் புதுச் செருப்பையோ சப்பாத்தையோ பழக்கிக்கொள்ளவும் இதைவிடப் பொருத்தமான இடம் கொச்சிக்கு அருகில் இல்லை.

ஞாயிறு முழுவதும் கிடைத்தால் கோட்டயம் ஜில்லாவின் கிழக்கு எல்லையில் இலவீழாப்பூஞ்சிறையும் இல்லிக்கல் கல்லும் இருக்கின்றன. முதலாவது, உச்சியில் போலீஸ் வயர்லெஸ் நிலையம் நிற்கும் மரமற்ற புல்மேடு. நான்கு திசையும் திறந்து கிடப்பதால் இடிமின்னலுக்குப் பெயர்போனது. ஆகையால் துலாவர்ஷம் முற்றிலும் ஓயாத நாளில் பிற்பகலில் அங்கே நிற்கக் கூடாது. இல்லிக்கல் கல்லோ செங்குத்தான பாறை. தடுப்பு வேலிவரை சென்று பார்ப்பதோடு திருப்தியடைய வேண்டும். வேலியைத் தாண்டிப் படம் எடுக்க முனையும் நண்பர் குழுவில் இருந்தால் அவரை முன்பே எச்சரித்துவைப்பது மற்றவர்களின் கடமை.

சனியும் ஞாயிறும் சேர்ந்து கிடைத்தால் மூணாறு. எர்ணாகுளத்திலிருந்து மூவாற்றுப்புழை, கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பேருந்தில் நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் பிடிக்கும். இந்த வழியில் போகும்போது நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடக்கும் வளைவுப் பாலத்தைக் கவனிக்காமல் தூங்கிவிடக் கூடாது. 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம், மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடியோடு அழித்துவிட்டது. அதற்கு முன் மூணாற்றுத் தேயிலை அந்த ரயிலில் டாப் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து கம்பிவழியில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சேர்ந்து தமிழ்நாட்டு வழியாகவே வெளியுலகைக் கண்டது. 1935இல் இந்தப் பாலம் திறக்கப்பட்டு மேற்கு வழி செம்மைப்பட்டது. 1947இல் கொச்சியில் தேயிலை ஏலமும் ஆரம்பமாயிற்று. நம் துறைமுகத்துக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு இவ்வாறு பலப்பட்டதை நினைத்துக்கொண்டு ஏறினால் பிரயாணத்துக்குத் தனி ருசி உண்டாகும்.

மூணாற்றைச் சுற்றி எங்கே நடப்பது என்பதில் ஆனைமுடியைப் பற்றிய ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். 2,695 மீட்டர் உயரமுள்ள அது இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள், வரையாடுகளின் காப்பிடத்தில் இருக்கிறது. உச்சி ஏறுவது பொதுமக்களுக்கு உரியதன்று. வரையாடு குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ராஜமலைப் பகுதியே அடைக்கப்படும். அதற்கு அடுத்த உயரமான மீசைப்புலிமலை, 2,640 மீட்டர், நமக்கு ஏற்றது. கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் அநுமதி பெற்று, அவர்களுடைய முகாமில் ஓர் இரவு தங்கி, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடுதான் போக முடியும். தனியே நுழைவது குற்றம். இடங்கள் குறைவாகையால், புரட்டாசியில் தேதி நிச்சயமானவர்களுக்கே அது கிட்டும். தேதிதான் முதல் என்று நான் சொல்வதன் உண்மை இங்கே விளங்கும்.

அந்த முகாமில் தை மாதத்து விடியல் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கொச்சியில் ஜனவரி விடியற்காலையில் வெப்பம் ஏறக்குறைய 23 டிகிரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்குப்படி மீசைப்புலியின் உச்சியில் ஆறு டிகிரிபோல இருக்க வேண்டும். ஆனால் உச்சியைவிடக் கீழே பள்ளத்தாக்கில்தான் குளிர் அதிகம். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிட, அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கி நிற்கிறது. அதனால்தான் செண்டுவாரை, லெட்சுமி, சைலண்ட்வாலி எஸ்டேட்டுகளின் பள்ளங்களில் உறைபனி விழும்போது மேலேயுள்ள மேடு தப்பிவிடுகிறது. பொழுது புலருமுன் வெளியே வந்தால் புல்லின் ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் உப்புப் பொடி தூவியதுபோல வெண்மை படிந்திருக்கும்; காலை வைத்தால் மெல்ல நொறுங்கும்; ஜீப்பின் கண்ணாடியை விரல் நகத்தால் சுரண்டினால் பனி சுருளாக வரும். சூரியன் மேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்த கால்மணி நேரத்தில் எல்லாம் நீராகிவிடும். நமக்கு அது ஆனந்தம். உறைந்த கொழுந்தில் வெயில் பட்டதும் தேயிலைச் செடி கருகிப்போவதால் தோட்டத் தொழிலாளிக்கு அது வேலை நாட்களின் நஷ்டம். லயத்து வாசலில் சுள்ளி கொளுத்திக் குளிர்காயும் அவர்கள் பேசுவது தமிழ். சிறிது நின்று, அம்மா, அக்கா என்று அழைத்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். வழியைப் பற்றியும் வானத்தைப் பற்றியும் கைப்பேசி சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

சனிக்கிழமை வேலையை விடமுடியாதவர்கள், மதியத்துக்குமேல் புறப்பட்டு இரவு சூரியநெல்லியில் தங்கி, விடியுமுன் ஜீப்பில் கொழுக்குமலைக்கு ஏறலாம். தோட்டம் தமிழ்நாட்டின் தேனி ஜில்லாவில், வண்டி வழி கேரளத்தில். நடை குறைவு, சூரியோதயம் அபாரம்.

இங்கே ஒரு துயரமான விஷயத்தை எழுத வேண்டியிருக்கிறது. இதே கொழுக்குமலைக்கும் கீழேயுள்ள குரங்கணிக்கும் இடைப்பட்ட சரிவில், 2018 மார்ச் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி மலையேற வந்தவர்களில் 23 பேர் இறந்தனர். சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்தும் வந்த அவர்களில் பலர் நம்மைப் போலவே வார விடுமுறையை ஒட்டி மலை பார்க்க வந்த உத்தியோகஸ்தர்கள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். வாரக்கடைசிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு எப்போதும் உண்டு. அந்த அவசரத்தில் பருவத்தைப் பொருட்படுத்தாமல் போகும் ஆசையும் உண்டு. பிப்ரவரி நடுவுக்குமேல் புல்வெளி மலைக்குப் போகாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தமிழ்நாட்டு அரசு அதே வருஷம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற ஏற்பாட்டின்கீழ் 40 பாதைகளைப் பதிவுக்குத் திறந்தபோது, பயிற்சிபெற்ற உள்ளூர் வழிகாட்டிகளையும் நியமித்தது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அவற்றில் ஒன்று. தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும். மூடப்பட்டது மூடப்பட்டதே; தெரிந்த ஆள் இருக்கிறார், பக்கத்து வழியாக விடுவார் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தீ சரிவில் மேல்நோக்கிப் பாயும்போது மனிதன் ஓடும் வேகத்தை எளிதில் மிஞ்சிவிடும் என்பதையும், புகை கண்டால் உயரத்தை நோக்கி ஓடக் கூடாது, புல்லில்லாத வெறும் பாறையையோ ஏற்கெனவே எரிந்துபோன தரையையோ நாட வேண்டும் என்பதையும் குழுவில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

வெள்ளி, சனி இரண்டு நாள் விடுப்பு எடுக்க வாய்ப்புள்ளவர்களுக்கு அகத்தியர்கூடம் இருக்கிறது. 1,868 மீட்டர், திருவனந்தபுரம் ஜில்லாவின் போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி கண்டு திரும்பும் நடை. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரிக் கடைசிவரை மட்டுமே வனத்துறை அநுமதிக்கிறது. பதிவு தொடங்கிய சிறிது நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடும். பெண்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த இந்த வழி, 2018இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு 2019 ஜனவரியில் திறந்தது. ஆகவே நண்பர் குழு என்று நான் சொல்லும்போது ஆண்களை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. தமிழுக்கு இலக்கணம் செய்த முனிவரின் பெயர் தாங்கிய சிகரத்தைக் கொச்சித் தமிழர் ஒருமுறையேனும் காணவேண்டும் என்பது என் விருப்பம். வியாழன் இரவு ரயிலேறினால் திங்கள் காலை வேலைக்கு வந்துவிடலாம்.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் கம்பளிச் சட்டை இருப்பதில்லை. ஒரு தடித்த சட்டை வாங்குவதைவிட மெல்லியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, ஏறும்போது கழற்றுவதும் நிற்கும்போது போடுவதும் நல்லது. பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு, உச்சியில் காற்று அடிக்கும்போது உடம்பைச் சில்லிடச் செய்யும். மாற்று பனியன் ஒன்று பையில் இருக்க வேண்டும். குரங்குக் குல்லாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் விடியற்காலையில் அதைக் கடன் கேட்பார்கள். பானத்துக்கு நாம் எங்கும் போகவேண்டியதில்லை. பஜார் ரோட்டில் நல்ல சுக்கு வாங்கி, அதன் எடையில் கால்பங்கு மிளகும் சிறிது ஏலக்காயும் கொத்தமல்லி விதையும் சேர்த்து இடித்து வைத்துக்கொண்டால், கருப்பட்டியும் வெந்நீரும் எங்கும் கிடைக்கும்; ஃபிளாஸ்கில் கொண்டுபோன சுக்குக் காப்பி மலைக்காற்றில் தரும் சுகத்தைக் கடைத் தேநீர் தராது.

சரீரப் பயிற்சிக்கு மேடற்ற ஊரில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். மட்டமான சாலையில் தோப்பும்படிவரை நடப்பது மூச்சுக்கு நல்லது. தொடைக்கு அது போதாது. ஏறும்போது மூச்சு வாங்குவது எல்லோரும் எதிர்பார்ப்பது. சிரமம் தருவது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் அதன் நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அதற்கு ஒரே முன்மருந்து படிக்கட்டு: ஏதேனும் நான்குமாடிக் கட்டடத்தில், புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்னிருந்து, வாரம் மூன்று நாள், ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வைத்து, மெதுவாக ஒவ்வொரு படியாக இறங்கிப் பழக வேண்டும். லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலும் பாதகமில்லை.

திரும்பும் நேரத்தையும் புறப்படுமுன்னரே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உச்சி தெரிந்தாலும் சரி, இன்னும் அரைமணிதான் என்று யார் சொன்னாலும் சரி, குறித்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும். ஜனவரியில் மாலை ஆறேகாலுக்கு மேல் மலையில் வெளிச்சத்தை நம்ப முடியாது. சொந்த வண்டியில் போனவர்கள், நாளெல்லாம் நடந்தவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து வாளறை, நேரியமங்கலம் காட்டு வளைவுகளில் இரவில் இறங்கக் கூடாது. நடக்காத ஓட்டுநர் ஒருவரை அமர்த்துங்கள், அல்லது பேருந்தில் வாருங்கள். பேருந்தில் வரும்போதே செலவுக் கணக்கை முடித்து மீதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், பாக்கியைப் பற்றி யாரும் யாரையும் கேட்கும் சங்கடம் நேராது.

கடைசியாக ஒன்று. ஞாயிறு இறங்கிய மலையின் வலி திங்களன்று முழுமையாகத் தெரியாது. இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். திங்கள் காலை உற்சாகத்தோடு வேலைக்குப் போனவர் செவ்வாயன்று கிடங்கின் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். ஆகையால் செவ்வாய்க்கிழமை மூட்டை இறக்கும் முறையோ, சலவைத்துறையில் நாள்முழுதும் நின்று துவைக்கும் முறையோ, கப்பலில் ஏணி ஏறும் முறையோ உங்களுடையதாக இருந்தால், அதை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளும்படி கூட்டாளியிடம் முந்தின வாரமே கேட்டுவைத்துவிட்டு, பதிலுக்கு அவருடைய ஒரு முறையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.